ஏர் பிஸ்டலில் ஸ்க்ரூ கழன்றுகொண்டே இருந்தால் – கேள்வி பதில்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் பராமரிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்த ஸ்க்ரூவைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் பெல்லட் (குண்டு) உள்ளே இல்லை என்று பாருங்கள், காற்றுச் சிலிண்டரைக் கழற்றி வையுங்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

கேள்வி: சார், கிரிப் (கைப்பிடி) ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நாளில் மறுபடி ஆடுகிறது. லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) போடலாமா?

வேண்டாம், முதலில் கிரிப்பைக் கழற்றிப் பாருங்கள். கிரிப் மரம்தானே, கடலோர ஊர் ஈரத்தில் உப்பும், ஏசி ரேஞ்சில் (சுடும் கூடத்தில்) காய்ந்தால் சுருங்கும், அப்படிச் சுருங்கும்போது ஸ்க்ரூவுக்குப் பிடிப்பு போய்விடும். நீங்கள் இன்னும் இறுக்க இறுக்க ஸ்க்ரூ தலை மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும், ஒருநாள் மரம் விரிசல் விடும். தலைக்கு அடியில் இடம் இருந்தால் ஒரு தட்டை வாஷர் போடுங்கள். கிரிப்பில் நீங்களே புட்டி வைத்து இழைத்திருந்தால், அந்தத் துணுக்கு ஏதாவது கிரிப்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மாட்டி இருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் காரணம் அதுதான். இறுக்கும்போது எல் கீயின் (L வடிவ ஸ்க்ரூ சாவியின்) நீளமான முனையை ஸ்க்ரூவில் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் திருப்பினால் போதும்.

கேள்வி: அப்படியானால் லாக்டைட் எங்கே போடுவது?

உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்தில் மட்டும். சைட்டை (குறி பார்க்கும் பாகத்தை) பிடிக்கும் ஸ்க்ரூ, கூடுதல் எடைகளின் ஸ்க்ரூ, இந்த மாதிரி. நீல நிறம் (243) போதும், ஊசி முனை அளவு. மரையில் எண்ணெய் இருந்தால் பிடிப்பு குறையலாம், அதனால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். சிவப்பு (271) வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற நன்றாகச் சூடாக்க வேண்டியிருக்கும், அந்தச் சூட்டில் பக்கத்தில் உள்ள ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விடும். ட்ரிகர் ஸ்க்ரூக்களில் எந்த லாக்டைட்டும் கூடாது, கசிந்து உள்ளே போனால் ட்ரிகர் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும்.

கேள்வி: அண்ணா, நேற்று வரை பத்தில் விழுந்தது இன்று இடப்பக்கம் எட்டில் விழுகிறது. சைட்டைத் திருப்பிச் சரிசெய்யலாமா?

சைட்டைத் திருப்பாதீர்கள். பின் சைட்டை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், அப்புறம் கிரிப், அப்புறம் முன் சைட். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பின் சைட் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே 10 மீட்டரில் சுமார் 8 மி.மீ. தள்ளிப் போகும். டார்கெட்டில் ஒரு வளையத்தின் அகலமே அவ்வளவுதான்! ஆடுகிற சைட்டைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தால் அன்றைய பயிற்சி முழுவதும் வீண், உங்கள் கைமேல் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும், அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வையுங்கள். கோடு விலகினால் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கேள்வி: ட்ரிகர் எடையை (ட்ரிகரை இழுக்கத் தேவையான விசையை) மிகச் சரியாக 500 கிராமில் வைக்கலாமா?

500 என்பது குறைந்தபட்சம். கொஞ்சம் மேலேயே வையுங்கள், 510–520 நல்லது. சுட்டு முடித்த பிறகும் சோதனைக்குக் கூப்பிடுவார்கள், அங்கே ட்ரிகர் 500 கிராம் எடையைத் தூக்காவிட்டால் தகுதிநீக்கம். அத்தனை உழைப்பையும் பத்து கிராமுக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: சிலிண்டர் வாயில் எண்ணெய் விடலாமா?

கூடவே கூடாது. உள்ளே 200 பார் அழுத்தம். காற்று வேகமாக ஏறும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ், அதுவும் பூசியது தெரியாத அளவுக்கு. சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள், பத்து வருடத்துக்கு மேல் போனதைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள்.

கேள்வி: ஸ்க்ரூ தலை உருண்டுவிட்டது சார், எல் கீ வழுக்குகிறது.

பாதி உருண்டதுமே மாற்றியிருக்க வேண்டும். இப்போது பலவந்தம் செய்யாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். புதிய ஸ்க்ரூ போட்ட பிறகு நல்ல எஃகு எல் கீயாக வாங்குங்கள், உருண்டை முனை உள்ளதை இறுக்குவதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: போட்டிக்கு முன் எப்போது இதையெல்லாம் சரிபார்ப்பது?

முந்தைய பயிற்சியின்போது, அன்று காலையில் அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021) மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவிலேயே பழுதாகிப் பல நிமிடங்கள் போயின, அந்த அளவு கவனிப்பு உள்ளவர்களுக்கே இப்படி நடக்கும். எந்த ஸ்க்ரூவைத் தொட்டாலும் அதன்பின் பத்துப் பதினைந்து பெல்லட்டாவது சுட்டுக் குழுமத்தை (குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதை) பார்த்துவிடுங்கள். பையில் எல் கீ செட், ஓ-ரிங், ஒரு கிரிப் ஸ்க்ரூ எப்போதும் இருக்கட்டும்.