பாரிசில் ஒரு நாள் ஓய்வு: பாடகர் குழு எங்கே போகலாம்?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து எங்கள் பங்குப் பாடகர் குழுவினர் 32 பேர் ஜூலையில் பிரான்ஸ் போகிறோம். எட்டுப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். வாடகைப் பேருந்து, ஒரே ஓட்டுநர். பாரிசுக்கு வெளியே தங்குகிறோம். சனிக்கிழமை மாலை தமிழ்த் திருப்பலியில் பாட வேண்டும்; வெள்ளி முழுக்க ஓய்வு. கடலோரப் பாறைத் தீவின் மேல் பழைய மடம் இருக்கும் மோன் சேன் மிஷேலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பாதிப் பேர் நிற்கிறார்கள். ஒரே நாளில் போய் வர முடியுமா? பேருந்திலேயே பயிற்சியும் செய்துகொள்ளலாமா?

பதில்: இழுத்துப் பிடித்தால் போய் வரலாம். ஆனால் போகாதீர்கள்.

நாம் இரவில் வேன் பிடித்து வேளாங்கண்ணி போய்ப் பழகியவர்கள். ஓட்டுநர் ஒரு டீ குடித்துவிட்டு விடிய விடிய ஓட்டுவார். ஐரோப்பாவில் அந்தக் கணக்கு செல்லாது. ஓட்டும் நேரம் முழுவதையும் பேருந்தில் உள்ள டேக்கோகிராஃப் கருவி பதிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். நாள் முடிவில் பொதுவாக 11 மணி நேரம் தொடர் ஓய்வு. அதைக் குறைக்க வழி உண்டு என்றாலும் 9 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது.

மோன் சேன் மிஷேல் பாரிசிலிருந்து ஏறத்தாழ 360 கிலோமீட்டர். அங்கே நெடுஞ்சாலையில் பேருந்தின் உச்ச வேகமே மணிக்கு 100 கிலோமீட்டர்தான். போக நாலரை, வர நாலரை என்றாலே 9 மணி நேரம் தீர்ந்தது. விடுமுறைக் காலத்து வெள்ளிக்கிழமை மாலை நெரிசலுக்கு மிச்சமே இல்லை. பேருந்தும் இரண்டரை கிலோமீட்டர் முன்பே நின்றுவிடும். அங்கிருந்து வேறு வண்டி. மேலே மடத்துக்கு ஏறினால் சுமார் 350 படிகள். உங்கள் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். நான் உடன் சென்ற ஒரு குழு இப்படித்தான் இரவு பத்தரைக்கு அறைக்குத் திரும்பியது. மறுநாள் உயர்குரல் பாடும் நான்கு பேருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாடத்தானே இத்தனை தூரம் போகிறோம்?

என் தேர்வு ஷார்த்ர் நகரம். பாரிசிலிருந்து 90 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். அங்குள்ள மாதா பேராலயம் 1194 தீவிபத்துக்குப் பிறகு எழுந்தது. தூய கன்னி மரியாள் அணிந்தது எனப் போற்றப்படும் ஆடை ஒன்றும் அங்கே இருக்கிறது. நம் இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த நீல நிறத்தின் முன் கொஞ்ச நேரம் பேச்சற்று நிற்பார்கள். பெரும்பாலானவை 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகள். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள், அதனால்தான் இன்று பார்க்க முடிகிறது. நடுக்கூடத் தரையில் சுமார் 13 மீட்டர் அகலத்தில் ஒரு வட்டச் சுழல்பாதை உண்டு. மற்ற நாட்களில் நாற்காலிகள் அதை மறைத்திருக்கும். தவக்காலம் தொடங்கி சகல புனிதர் திருநாள் வரை வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை எடுத்துவிடுவது வழக்கம். உங்கள் ஓய்வு நாள் வெள்ளிதான்!

குழந்தை தெரேசம்மாள் மீது பக்தி அதிகம் என்றால் அவர் வாழ்ந்த லிசியே ஊருக்குப் போகலாம், ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ஆனால் ஒரே நாளில் இரண்டு ஊர் வேண்டாம். ஷார்த்ர் முடித்துத் திரும்பிய பின் தெம்பு இருப்பவர்கள் மெட்ரோ ஏறி பாரிசின் ரு து பாக் தெருவுக்குப் போகலாம். 140-ஆம் எண்ணில் அற்புதப் பதக்க மாதா சிற்றாலயம். 128-ஆம் எண், புதுச்சேரிக்குத் தலைமுறை தலைமுறையாகக் குருக்களை அனுப்பிய பாரிஸ் வேதபோதக சபையின் இல்லம். நம் ஊர்க்காரர் அந்த வாசலிலாவது ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

பேருந்தில் பயிற்சி வேண்டவே வேண்டாம். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கேட்க நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம். ஏசி காற்று தொண்டையை வறட்டும். தண்ணீர் குடித்துக்கொண்டு பாடல் வரிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதும். கட்டுச்சோறு எடுத்துப் போவதானால், வண்டிக்குள் சாப்பிடலாமா என்று ஓட்டுநரிடம் முதல் நாளே கேளுங்கள்.

ஷார்த்ரில் ஒரு மாதா பாடலாவது பாட ஆசை இருக்கும். பங்குத் தந்தையின் கடிதத்தோடு பேராலயத்துக்கு இப்போதே எழுதி அனுமதி கேளுங்கள். கிடைத்தால், நீங்கள் வழக்கமாகப் பாடுவதைவிடச் சற்று நிதானமாகப் பாடுங்கள். கூரை சுமார் 37 மீட்டர் உயரம், ஒவ்வோர் அடியும் எதிரொலித்து அடங்க நேரம் எடுக்கும்.