தூக்கிய வண்டிக்கு எவ்வளவு நீள ஷாக்? கேள்வி பதில்

ஜீப், தார், பொலேரோ வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் ஷாக் (ஷாக் அப்சார்பர்) சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, என் பழைய எம்எம் 540 ஜீப்புக்குப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றி 2 அங்குலம் தூக்கிவிட்டேன். ஷாக்கும் பழையதைவிட 2 அங்குலம் நீளமாக வாங்கினால் சரிதானே?

தம்பி, இந்தக் கணக்கை நம்பித்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். எத்தனை அங்குலம் தூக்கினோம் என்பதை வைத்து ஷாக் வாங்கவே கூடாது, டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். ஷாக்குக்கு இரண்டு நீளம் உண்டு. முழுக்க இழுத்தால் எவ்வளவு, முழுக்க அமுக்கினால் எவ்வளவு. எல்லாரும் முதலாவதை மட்டும் கேட்கிறார்கள், வண்டியை உடைப்பது இரண்டாவது. நீள ஷாக்குக்கு உடம்பும் நீளம், அதனால் பழையது சுருங்கிய அளவுக்கு இது சுருங்காது. ஆனால் வண்டியை எவ்வளவு தூக்கினாலும் சேஸில் பம்ப் ஸ்டாப் ரப்பர் (அச்சு மேலே மோதாமல் தாங்கும் ரப்பர் கட்டை) இருந்த இடத்தில்தான் இருக்கிறது, பள்ளத்தில் விழும்போது ஹவுசிங் (அச்சுக் கூடு) பழைய உயரம் வரை ஏறத்தான் செய்யும். ரப்பர் தாங்கும் முன்னே ஷாக் முட்டிவிட்டால் அந்த அடி முழுக்க ஷாக்கின் ராடு மேல் விழும். சீல் போகும், ராடு வளையும், இல்லையென்றால் சேஸில் வெல்டு பண்ணியிருக்கும் பிராக்கெட் பிய்ந்து வரும்.

பாளையங்கோட்டையிலிருந்து: அளவை வீட்டிலேயே எடுக்கலாமா? என்னிடம் ஒரு ஜாக்கிதான் இருக்கிறது.

ஒரு ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். இரண்டு ஸ்டாண்டு இரவலாவது வாங்கி சேஸுக்குக் கீழே கொடுங்கள், அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

முதலில் வண்டி சமதரையில் தன் காலில் நிற்கும்போது, ஷாக்கின் மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடு வரை அளந்துகொள்ளுங்கள். பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஹவுசிங்குக்கும் இடையே உள்ள இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். பிறகு ஷாக்கைக் கழற்றிவிட்டு, சேஸை ஸ்டாண்டில் ஏற்றி ஹவுசிங்கைத் தொங்க விட்டு, அதே இரண்டு போல்ட்டுக்கும் இடையே மறுபடி டேப் வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் ஏற்றி, தொங்கும் மறு பக்கத்தையும் பாருங்கள், அது இன்னும் கொஞ்சம் இறங்கும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

என் ஜீப்பின் பின்பக்கக் கணக்கைச் சொல்கிறேன். நிற்கும்போது 460 மி.மீ., ரப்பர் இடைவெளி 90, ரப்பர் அமுங்குவதற்கு ஒரு 20. கழித்தால் 350. அதிலும் ஒரு 12 மி.மீ. கையிருப்பு விட்டேன், ஆக அமுக்கிய நீளம் 338க்குள் இருக்க வேண்டும். தொங்கும்போது 535. கடையில் "நல்ல நீளம், மலைக்குப் போக இதுதான் சரி" என்று எடுத்து வைத்தது இழுத்தால் 590, அமுக்கினால் 360. அதைப் போட்டிருந்தால் ரப்பர் முழுதாக அமுங்க 10 மி.மீ. இருக்கும்போதே ஷாக் முட்டியிருக்கும். தேடிப் பிடித்து 545, 335 உள்ளதை வாங்கினேன். பட்டை தன் எல்லைக்குத் தொங்கி நின்ற பிறகும் ஷாக்கில் 10 மி.மீ. மிச்சம் இருக்கிறது.

ஷாக் நன்றாகச் சாய்ந்து நிற்கும் வண்டியில் இந்தக் கழித்தல் சரிவராது. அதில் சக்கரத்தை ரப்பரில் முட்டும்வரை ஏற்றிவிட்டு நேரடியாக அளந்துவிடுங்கள்.

திசையன்விளையிலிருந்து: தேரி மணலில் ஓட்ட ஆசைப்பட்டு நீள ஷாக் வாங்கிவிட்டேன், அமுக்கிய நீளம் அதிகம். கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

எத்தனை மி.மீ. கூடுதல் என்று பாருங்கள். 20, 25 என்றால் பம்ப் ஸ்டாப்புக்கும் சேஸுக்கும் நடுவில் அந்த அளவுக்குப் பேக்கிங் கொடுத்து ரப்பரைக் கீழே இறக்கலாம். சக்கரம் மேலே ஏறும் தூரம் அந்த அளவுக்குக் குறையும், ஷாக் பிழைக்கும். 50 மி.மீ.க்கு மேல் என்றால் வேண்டாம், தெரிந்தவர்களுக்கு விற்றுவிடுங்கள்.

களக்காட்டிலிருந்து: வாழைத்தார் ஏற்றினால் பிக்கப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. நீள ஷாக் போட்டால் தூக்குமா அண்ணாச்சி?

தூக்காது. பாரத்தைச் சுமப்பது பட்டை, ஆட்டத்தை அடக்குவது ஷாக். பட்டை செட்டைப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.

வள்ளியூரிலிருந்து: 2020க்குப் பிறகு வந்த தார். முன்பக்கம் நீள ஷாக் போட்டால் சக்கரம் இன்னும் கீழே இறங்கும்தானே?

ஜீப் மாதிரி நினைக்காதீர்கள். இதன் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் (கைகள்) தாங்குகின்றன, அச்சு ஒரே துண்டு இல்லை. சக்கரம் எவ்வளவு இறங்கலாம் என்பதில் மேல் ஆர்மின் பால் ஜாயின்டுக்கும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்டுக்கும் பங்கு இருக்கிறது. நீள ஷாக்கைப் போட்டு அவற்றை எல்லை தாண்டி இழுத்தால் ஜாயின்டை மூடும் ரப்பர் பூட் கிழியும், பால் ஜாயின்ட் தேயும். வண்டியை உயர்த்த ஷாக் தலையில் வைக்கும் வளையமும் அப்படித்தான். ஷாக் ஆர்மின் நடுவில் உட்கார்வதால் 25 மி.மீ. வளையம் வைத்தால் சக்கரத்தில் அதைவிட நிறையவே உயரும்.

ஜிம்னி மாதிரி சுருள் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்று இருக்கும் வண்டிக்கு வேறு கவலை. ஷாக் அளவுக்கு மீறி நீண்டால் ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து நழுவும். அதற்கு அச்சைப் பட்டா வாரால் கட்டி இறக்கத்தை நிறுத்துவார்கள்.

கடையத்திலிருந்து ஒரு சகோதரி: வண்டியைத் தூக்கிய பிறகு மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும்போது பின்னால் டொக் டொக் என்று அடிக்கிறது. ஷாக் பழையதுதான். மெக்கானிக் புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர்) போய்விட்டது என்கிறார்.

புஷ்ஷாகவும் இருக்கலாம் தங்கச்சி, ஆனால் பழைய ஷாக் நீளம் போதாமல் முழுக்க இழுபட்டு எல்லையில் போய் இடிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஒரு சோதனை சொல்கிறேன். சேஸை ஸ்டாண்டில் ஏற்றித் தொங்க விட்டு, ஹவுசிங்குக்குக் கீழே ஜாக்கியை லேசாகக் கொடுத்துக்கொண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஜாக்கியை மெல்ல இறக்கும்போது ஹவுசிங் இன்னும் இரண்டு விரல் இறங்கினால் அதுவரை ஹவுசிங்கைப் பிடித்துத் தொங்கவிட்டது ஷாக்தான். அப்படியே ஓட்டினால் ஷாக்கின் கண் (போல்ட் நுழையும் வளையம்) பிய்ந்துவிடும், கொண்டை ஊசியில் அது நடக்க வேண்டாம், சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

தென்காசியிலிருந்து: தூக்கினால் ஆர்டிஓ பிரச்சினை வருமா?

1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. பெரிய அளவில் தூக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

பேட்டையிலிருந்து: ஷாக் வாங்கிவிட்டேன், நாளை மாட்டப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

இரட்டைக் குழாய் ஷாக் என்றால் பெட்டியில் படுத்துக் கிடந்ததில் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டு முறை முழுக்க இழுத்து அமுக்குங்கள், கையில் வெற்றிடம் தட்டாமல் ஒரே சீராக வரும்வரை. அதைத் தலைகீழாக மாட்டக் கூடாது. சில வண்டிகளில் பின் பிரேக்குக்கு பாரத்தைப் பார்த்து அழுத்தம் கொடுக்கும் வால்வு ஒன்று ஹவுசிங்கோடு கம்பியால் இணைந்திருக்கும், வண்டி உயர்ந்ததும் அது காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைத் தொங்கும்போது கையால் மட்டும் திருகிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி அதன் எடை முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும்.