கரோல்பாக்கிலிருந்து தனியாக வாரணாசி

முதல்முறை தனியாகப் போகிறேன், ஸ்லீப்பரில் எந்த பெர்த் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். புக் செய்யும்போது கோட்டாவில் (ஒதுக்கீடு) 'லேடீஸ்' எடுங்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு வயது வரம்பு கிடையாது. ஸ்லீப்பரில் ஆறே இடம், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பொதுக் கோட்டா என்றால் அப்பர் (மேல் படுக்கை)தான். லோயரில் பகல் முழுக்க யாராவது வந்து உட்காருவார்கள். 27, 30, 35, 38 எல்லாம் பெட்டியின் நடுவில் வரும் அப்பர். 3, 6 வேண்டாம்; கதவும் கழிவறையும் பக்கத்திலேயே, இரவெல்லாம் நடமாட்டம்.

புதுடெல்லி ஸ்டேஷனுக்கு மெட்ரோவில் போய் ராஜீவ் சௌக்கில் மஞ்சள் லைனுக்கு மாறுங்கள், மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு. அஜ்மேரி கேட் பக்கமாக நுழையுங்கள். "உங்கள் ரயில் ரத்து, ஆபீசுக்கு வாங்க" என்று யார் மறித்தாலும் தயவுசெய்து நிற்காதீர்கள், ஏமாற்று வேலை. ரயிலில் தொல்லை என்றால் உடனே ரயில்வே உதவி எண் 139-க்கு அழையுங்கள்.