கையை எடுத்தால் தலை சரிகிறது

கேள்வி: அண்ணாச்சி, ஆறு மாதம் முன்பு பழைய நான்கு கம்பி பேஸ் கிட்டார் வாங்கினேன். நின்று வாசிக்கும்போது இடது கையை எடுத்தால் தலைப்பக்கம் தரையைப் பார்த்துச் சரிகிறது. ஜி கம்பியில் 5-வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மட்டும் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. நான் பிடிக்கிற விதம் தப்பா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை. கிட்டாரை மடியில் வைத்து, பெல்ட் மாட்டுகிற மேல் குமிழ் எத்தனையாவது ஃப்ரெட்டுக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள். 12-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 15, 16 என்று உடம்புப் பக்கம் தள்ளி இருந்தால் தலை சரியத்தான் செய்யும். பெரும்பாலான பேஸில் கம்பியின் நீளமே 34 அங்குலம், அதன் கோடியில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற நான்கு கனத்த ட்யூனிங் கீ. 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு, உடம்பிலிருந்து கழுத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற மேல் கொம்பு நீண்டிருக்கும். குமிழை முன்னால் கொண்டுபோக அது உதவுகிறது. அழகுக்காகக் கொம்பைக் குட்டையாக்கிய வடிவங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

என் முதல் பேஸும் இப்படித்தான். அம்மன் கோயில் கொடையில் ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினால் விடிய நாலு மணி ஆகும். இடது கை கழுத்தைத் தாங்கியே ஓய்ந்துபோகும், மறுநாள் கட்டைவிரல் மடங்காது. வேகம் வரவில்லையே என்று இரண்டு வருடம் என்னையே நொந்துகொண்டேன். நீங்களும் அப்படி நோக வேண்டாம்.

உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் பெல்ட் போட்டால் சறுக்காது, ஆனால் கனம் அப்படியே இருக்கும். தலைக்கு ஈடாகப் பின்பக்கம் ஈயம் ஒட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை; தோளுக்குத்தான் சுமை. கீ நான்கையும் கழற்றிவிட்டு எடை குறைந்தவையாக மாற்றுங்கள். கோடியில் குறைகிற சில கிராம்கூட நன்றாகத் தெரியும்.

அப்புறம் அந்த அடங்கும் சத்தம். கழுத்து மரத்துக்கென்று ஓர் அதிர்வு உண்டு. வாசிக்கிற சுரம் அதோடு ஒத்துப்போனால் கம்பியின் துடிப்பை மரம் வாங்கிக்கொள்ளும். ஜி கம்பியில் 5 முதல் 7 வரை இது நிறைய பேஸில் உண்டு. கிட்டாரின் தலையைச் சுவரில் லேசாக அழுத்தி அதே சுரத்தை வாசியுங்கள். நீடித்து ஒலித்தால் காரணம் கழுத்துதான். கீ மாற்றும்போது தலையின் கனம் குறைவதால் இந்த இடமும் நகரும். அடியோடு போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதுவரை அந்த சி சுரத்தை டி கம்பியில் 10-வது ஃப்ரெட்டில் பிடியுங்கள்.