எக்ஸ்பிரஷனிச உருவப்படங்களில் பெண்களின் முகம் ஏன் இயல்பான நிறத்தில் இருப்பதில்லை?

எக்ஸ்பிரஷனிசம் என்றால் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரையாமல், அதைப் பார்க்கும்போது மனதில் எழுவதை வரைவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வலுப்பெற்ற பாணி இது.

நாமே பேச்சில் இதைச் செய்கிறோம். "அதைக் கேட்டதும் அவள் முகம் கறுத்துப்போச்சு" என்கிறோம். தோல் நிறம் மாறியதா என்று யாரும் கேட்பதில்லை, சட்டென்று புரிந்துவிடுகிறது. அந்தக் கறுப்பைத் தூரிகையால் சொன்னால் எக்ஸ்பிரஷனிசம்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம், ஜெர்மன் ஓவியர் கேப்ரியலே முன்டர் 1909இல் தன் தோழி மரியன்னே வெரெஃப்கினை வரைந்த படம். வெரெஃப்கினும் ஓவியர்தான், ரஷ்யாவிலிருந்து வந்தவர், அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பின்னணி முழுக்க மஞ்சள். வீடு, மரம் எதுவும் இல்லை. பூக்கள் வைத்த பெரிய தொப்பி, கழுத்தைச் சுற்றி ஊதாத் துணி. தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறார். கண், மூக்கு எல்லாம் சில கோடுகளில் முடிந்துவிடுகின்றன. ஆனாலும் அந்தப் பார்வையில் எவ்வளவு கம்பீரம்! நுணுக்கங்களைக் குறைத்ததால்தான் நிறம் இவ்வளவு உரக்கப் பேசுகிறது. மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

அப்புறம், தத்ரூபமாக வரையத் தெரியாதவர்கள்தான் இப்படி வரைகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முன்டர் முறையாக ஓவியம் பயின்றவர், இந்தப் படத்தை வரைவதற்கு முன்பே கேமராவில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தவர். உள்ளதை உள்ளபடி காட்டத் தெரிந்தே இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்.