லெட்ஸ் முடிந்து முதல் டெஸ்ட் நெகட்டிவ்: அடுத்தது எப்போது?

எச்ஐவி உள்ள உங்களுக்கு லெட்ஸ் (கருப்பை வாயில் மாறிய சதையை மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பது) முடிந்து எடுத்த முதல் டெஸ்ட் நெகட்டிவ், அடுத்தது மூன்று வருடம் கழித்து என்று நர்ஸ் சொன்னார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் பொறுக்க வேண்டாம், அடுத்த வருடமே இன்னொரு தடவை எடுங்கள். எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கருப்பை வாயில் சிஐஎன் 2 அல்லது 3 (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம்) என்று லெட்ஸ் செய்திருந்தால், 12 மாதத்தில் ஒரு டெஸ்ட், அது நெகட்டிவ் என்றால் அடுத்த 12 மாதத்தில் இன்னொன்று, இரண்டும் நெகட்டிவ் ஆனால்தான் வழக்கமான இடைவெளி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பரிந்துரை. உங்களுக்கு ஒன்றுதான் முடிந்திருக்கிறது.

நர்ஸ் மூன்று வருடம் என்றதற்குக் காரணம் இருக்கும். இங்கே தென்னாப்பிரிக்காவில் எச்ஐவி உள்ளவர்களுக்கு வழக்கமான பாப் ஸ்மியர் (கருப்பை வாய் செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) இடைவெளி அதுதான். லெட்ஸ் டர்பனில் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்ததால் அந்த விவரம் உங்கள் கிளினிக் அட்டையில் ஏறாமல் இருக்கலாம்.

லெட்ஸில் எடுத்த சதையின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அதில் எந்த நிலை, வெட்டிய ஓரங்கள் மாறிய செல் இல்லாமல் சுத்தமா என்று பாருங்கள். ஓரத்தில் மிச்சம் என்றோ சுரப்பி செல்களில் மாற்றம் என்றோ இருந்தால் கணக்கு மாறும், டாக்டர் சீக்கிரமே கூப்பிடுவார். போன தடவை செய்தது எச்பிவி டெஸ்டா (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடுவது), ஸ்மியரா என்றும் கேளுங்கள். கிடைத்தால் எச்பிவி டெஸ்ட்தான் நல்லது.

ஏஆர்வி (எச்ஐவி மாத்திரை) ஒழுங்காகப் போட்டு வைரல் லோடு (ரத்தத்தில் எச்ஐவி அளவு) அடங்கியிருப்பது ரொம்ப நல்ல விஷயம், ஆனாலும் இந்த டெஸ்டை விடக்கூடாது. வீட்டில் என்ன சொல்வது என்று தயங்காதீர்கள், பாப் ஸ்மியர் எல்லாப் பெண்களும் எடுப்பதுதான், அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், உறவுக்குப் பின்போ மாதவிலக்குக்கு நடுவிலோ ரத்தம் பட்டால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.