சூசென்ஜி ஏரிக்கரை வீடு: நவம்பர் முடிவதற்குள் போய்விடுங்கள்

கேள்வி: மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். நவம்பர் 24 முதல் இரண்டு வாரம் அவனோடு இருக்கப்போகிறோம். நிக்கோ மலையில், ஏரிக்கரையில் இத்தாலியத் தூதரகத்தின் பழைய கோடை வீடு இருக்கிறதாம். கட்டடக்கலை படிக்கும் மகள் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள். ஒரே நாளில் போய்வர முடியுமா? கூட வரும் மாமியாருக்கு 72 வயது, முட்டிவலி வேறு. ஜப்பானிய வீடு என்றால் தரையில்தானே உட்கார வேண்டும்?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள். அந்த வீடு நவம்பர் 30 வரைதான் திறந்திருக்கும், மறுபடி ஏப்ரலில்தான். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இரண்டாவது வாரத்துக்குத் தள்ளினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். நவம்பர் பின்பாதியில் மாலை 4 மணிக்கே மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

ஒரே நாளில் முடியும், காலையில் கிளம்பினால். டோக்கியோவின் அசகுசா நிலையத்திலிருந்து தோபு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் விரைவு ரயிலில் நிக்கோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து ஏரிக்கரையில் உள்ள சூசென்ஜி ஒன்சென் பேருந்து நிலையம் வரை பேருந்தில் முக்கால் மணி நேரம். வழியில் இரோஹாசகா மலைப்பாதை. ஏறவும் இறங்கவும் தனித்தனிச் சாலை, இரண்டும் சேர்த்து 48 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டுகிறவர்கள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோபு விற்கும் பயணச் சீட்டுகளில் 'உலகப் பாரம்பரியப் பகுதி' சீட்டு மலைமேல் செல்லாது. 'முழுப் பகுதி' சீட்டுதான் ஏரி வரை வரும். இரண்டிலுமே விரைவு ரயிலுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

தோஷோகு கோயிலையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துத் திரும்புவீர்கள். கெகோன் அருவி மட்டும் போதும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே, 97 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். 1928இல் கட்டியது. இத்தாலியத் தூதர்கள் 1997 வரை கோடையைக் கழித்த இடம். ஏரி 1,269 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டோக்கியோவின் புழுக்கம் தாங்காத தூதர்கள் பலரும் இங்கேதான் ஓடிவந்தார்கள். வெயில் காலத்தில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகமே நிக்கோவுக்குப் போய்விடுகிறது என்று அன்று சொல்வார்களாம்.

வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட், இன்றைய செக் நாட்டிலுள்ள போஹீமியாவில் பிறந்தவர். டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டுடன் 1919இல் ஜப்பான் வந்து, பிறகு தனியாக அலுவலகம் தொடங்கிவிட்டார். 1924இல் டோக்கியோவில் தன் சொந்த வீட்டை கான்கிரீட்டில் கட்டிய நவீனர், இங்கே மரப்பட்டையைக் கையில் எடுத்தார். சுகி என்ற ஊசியிலை மரத்தின் பட்டை அது. சுவரில் பட்டையைச் சதுரம் சதுரமாக வைத்து, மூங்கில் பிளாச்சுகளால் கட்டமிட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகை.

மகளிடம் சொல்லுங்கள்: உள்ளே போனதும் ஏரியைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கட்டும். பட்டையும் மூங்கிலும்தான் அங்கேயும், ஆனால் பகுதிக்குப் பகுதி வேறு பின்னல். சாப்பாட்டு இடம், கூடம், படிப்பறை மூன்றையும் சுவர் வைத்துப் பிரிக்கவில்லை. தலைக்கு மேல் பின்னல் மாறுவதை வைத்தே இடம் மாறியதைக் கண்டுபிடிக்கலாம். நவீனக் கட்டடக்கலை பெரிதாகப் பேசிய 'திறந்த தளம்', கதவுகளைத் தள்ளினால் ஒரே அறையாகிவிடும் ஜப்பானிய வீட்டில் ஏற்கெனவே இருந்தது. ரேமண்ட் அதைப் புரிந்துகொண்டவர் என்பதற்கு இந்தக் கூடமே சாட்சி. பிற்பாடு வீட்டைப் புதுப்பித்தபோது பழைய தரைப்பலகைகளையும் மரச்சாமான்களையும் முடிந்தவரை அப்படியே திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதே ரேமண்டின் கைவண்ணம் புதுச்சேரியிலும் இருக்கிறது, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. அது கான்கிரீட், இது பட்டை. ஆனால் காற்றையும் வெளிச்சத்தையும் திறந்து மூடும் அந்த எண்ணம் இரண்டிலும் ஒன்றே. அது தங்கும் விடுதி, சுற்றுலா இடமல்ல. நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. தெருவில் நின்று அதன் பலகணி வரிசையைப் பார்த்துவிட்டுப் போனால், இந்த வீடு இன்னும் நன்றாகப் புரியும்.

மாமியார் விஷயம். பேருந்து நிலையத்திலிருந்து ஏரிக்கரையோரமாக ஏறக்குறைய அரை மணி நேர நடை. அவருக்கு டாக்சி பிடியுங்கள். வாசல்வரை வண்டி போகாது, கடைசியில் கொஞ்ச தூரம் நடக்கத்தான் வேண்டும். மாடியில் படுக்கையறைகள், முட்டி வலித்தால் ஏற வேண்டாம், முக்கியமானதெல்லாம் கீழேதான். பக்கத்திலேயே பிரிட்டிஷ் தூதரகத்தின் பழைய வீடும் இருக்கிறது, தெம்பிருந்தால் அதையும் பார்க்கலாம். நவம்பர் கடைசியில் மேலே இலையெல்லாம் உதிர்ந்து, நல்ல குளிர். சிவந்த இலைகளைப் பார்க்க வரும் கூட்டம் அக்டோபரிலேயே வந்து போயிருக்கும் என்பதால் பேருந்தில் இடம் கிடைக்கும். கம்பளியும் கனமான காலுறையும் அவருக்குக் கட்டாயம்.

தரையில் உட்காரும் கவலை வேண்டாம். குடியிருந்தவர்கள் இத்தாலியர்கள், பாய் விரித்த வீடல்ல. ஏரியைப் பார்த்த நீளமான கண்ணாடித் தாழ்வாரத்தில் நாற்காலிகள் உண்டு. மகள் கூரையைப் படம் எடுத்து முடிக்கும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.